தெளிநீரின் வம்சம்

ரத்த வங்கியில் வகை பார்க்கிறபோது, வெண்ணிறத் தகட்டின்மேல் நீலத் துளி ஒன்று, மஞ்சள் துளி ஒன்று, நிறமற்ற துளி ஒன்று என மூன்றை வரிசையாக இட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ரத்தத்தைக் கலந்து குச்சியால் வட்டமாகத் தேய்த்துத் தகட்டை இப்படியும் அப்படியும் சாய்க்க, இரண்டொரு நிமிஷத்தில் ஒரு துளியில் ரத்தம் மணல் மணலாகத் திரண்டு நிற்பதையும், இன்னொன்றில் கரைத்த குங்குமம்போல் ஒரே சீராக இருப்பதையும் நம்மில் பலர் கண்ணாரக் கண்டிருக்கிறோம். திரண்டவை சிவப்பணுக்கள், நாம் சட்டைப் பையில் சீட்டாக மடித்து வைத்துக்கொள்கிற வகை அவற்றின் வகையே. அதே ரத்தத்தைக் குழாயில் அசையாமல் வைத்தால், உறைந்த கட்டி சுருங்கி அமர, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிநீர் ஒன்று பிரிந்து நிற்கும். சீரம் என்று வைத்தியர்கள் சொல்லும் அந்த நீருக்கும் வம்சம் உண்டா, தாய் தந்தையரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கிவரும் லட்சணம் ஏதேனும் அதிலும் பதிந்திருக்கிறதா என்ற கேள்வியை எழுப்பி, 1956ஆம் ஆண்டில் அதற்கு விடையும் கண்டவர்களுள் ஒருவர், ஸ்வீடன் தேசத்து லுண்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரூனே கிரப் என்னும் ஆராய்ச்சியாளர்.

கார்ல் லாண்ட்ஸ்டைனர் வியன்னாவில் தம்முடைய ரத்தத்தையும் சகாக்களுடைய ரத்தத்தையும் பிரித்து, ஒருவரது சீரத்தை மற்றவரது அணுக்களோடு கலந்து பார்த்து, 1901இல் ரத்த வகைகளை வெளியிட்ட வரலாறு பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது; அதற்கு 1930இல் நோபெல் பரிசு கிடைத்ததும் தெரிந்ததே. அந்தப் பரிசோதனையில் ஒரு விசேஷம் உண்டு. சீரம் அங்கே கருவி. அணுவே ஆராயப்படும் பொருள். உரைகல்லில் பொன்னை உரைப்பவன் பொன்னின் மாற்றைத்தான் பார்ப்பான். கல்லின் ஜாதியை விசாரிப்பதில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேலாக ரத்த சாஸ்திரம் அந்த நிலையிலேயே நின்றது.

கிரப்பின் வாழ்க்கையில் முதல் அத்தியாயம் லண்டனில் தொடங்குகிறது. 1940களின் பிற்பகுதியில் செல்சீயிலிருந்த லிஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் வால்ட்டர் மார்கன் என்னும் ரசாயன அறிஞர், சிவப்பணுவின்மேல் இருக்கும் ஏ, பி முதலிய லட்சணங்கள் எந்த வஸ்துவினால் ஆனவை என்று தேடிக்கொண்டிருந்தார். அணுவின் தோலில் அவ்வஸ்து இருப்பது இம்மியளவு. ஆகையால் அதே வஸ்து கரைந்து மிகுதியாகக் கிடைக்கும் உமிழ்நீரையும், சூலகக் கட்டிகளிலிருந்து அறுவைச் சிகிச்சையில் எடுத்த கொழகொழப்பான திரவத்தையும் அவர் மூலப்பொருளாகக் கொண்டார். பிறர் அருவருத்து ஒதுக்கும் கழிவிலிருந்து ரத்த வகையின் ரசாயனத்தை அவரும் வினிஃபிரெட் வாட்கின்ஸ் அம்மையாரும் பல்லாண்டு உழைத்து வடித்தெடுத்தார்கள். அந்தச் சூழலில் வந்து சேர்ந்தார் கிரப்.

அங்கே அவருக்கு வாய்த்த பொருள் லூயிஸ் வகை. 1946இல் ஆர்தர் மௌரன்ட் கண்டறிந்து, சம்பந்தப்பட்ட குடும்பத்தின் பெயராலேயே வழங்கிய இந்த வகை, ஐரோப்பியரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குக் காணப்படுவது. ஆனால் மற்ற வகைகளைப்போல் ஒழுங்காக நடந்துகொள்ளாமல், கைக்குழந்தைகளிடம் ஒரு மாதிரியும் வளர்ந்தவர்களிடம் வேறு மாதிரியும் தோன்றி ஆராய்ச்சியாளர்களைக் குழப்பிக்கொண்டிருந்தது. இதற்கு வெகு காலம் முன்பே அறியப்பட்ட இன்னொரு செய்தி உண்டு: சிலர் தம் ரத்த வகைக்குரிய வஸ்துவை உமிழ்நீரிலும் சுரப்பார்கள், சிலர் சுரப்பதில்லை, அதுவும் குலவழி வருவதே. இவ்விரு செய்திகளும் இருவேறு அலமாரிகளில் கிடந்தன. இரண்டையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவந்தவர் கிரப்.

உமிழ்நீரைச் சோதிக்கும் முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னால் வரப்போகும் கண்டுபிடிப்பின் வித்து இதிலேதான் இருப்பதாக நான் எண்ணுகிறேன். ஒருவரை ஒரு குழாயில் எச்சில் உமிழச் செய்து, அதிலுள்ள நொதிகள் வஸ்துவைச் சிதைத்துவிடாதபடி குழாயைக் கொதிநீரில் நிறுத்திக் காய்ச்சி, ஆறியபின் சுழற்றித் தெளியவைத்து, அந்தத் தெளிவை ஏ வகையைத் திரட்டும் சீரத்தோடு கலந்து வைப்பார்கள். பிறகு ஏ வகைச் சிவப்பணுக்களை அதில் விடுவார்கள். உமிழ்நீரில் ஏ வஸ்து இருந்திருந்தால், அது சீரத்தின் வல்லமையை முன்கூட்டியே தன்மேல் வாங்கிக்கொண்டிருக்கும்; பிறகு வரும் அணுக்கள் திரளமாட்டா. வஸ்து இல்லையென்றால் அணுக்கள் வழக்கம்போல் திரளும். பந்தியில் பரிமாற வந்தவனை வாசலிலேயே நாலு பேர் மடக்கிக்கொண்டால் உள்ளே இலைகள் வெறுமையாகவே கிடக்கும் அல்லவா? உள்ளே இலை வெறுமையாக இருப்பதைக் கண்டு, வாசலில் ஆள் இருக்கிறது என்று அனுமானிக்கும் தர்க்கம் இது. திரளாமையே ‘உண்டு’ என்பதற்குச் சாட்சி. திரளுதலே ‘இல்லை’ என்பதற்குச் சாட்சி. இந்தத் தலைகீழ்க் கணக்கில் கண்ணும் மனமும் பழகுவதற்கு நாளாகும்.

கிரப் பழகினார். 1948இல் நேச்சர் பத்திரிகையில் வெளியிட்ட சிறு கட்டுரையில், லூயிஸ் ‘ஏ’ லட்சணம் எவருடைய சிவப்பணுவில் இருக்கிறதோ அவர் தம் ஏ, பி வஸ்துக்களை உமிழ்நீரில் சுரக்காதவராகவே இருக்கிறார் என்று அவர் காட்டினார். அடுத்த ஆண்டு மார்கனோடு சேர்ந்து அதை விரித்தெழுதினார். 1951இல் இன்னும் ஒரு படி துணிந்து, லூயிஸ் என்பது சிவப்பணுவுக்கே உரிய லட்சணம் அன்று, உடலின் நீர்களில் பிறந்து பிளாஸ்மாவில் மிதந்து அணுவின்மேல் வந்து படிவது என்று எடுத்துரைத்தார். 1955இல் ஸ்னீத் என்ற பெயருடைய இருவர், லூயிஸ் இல்லாத அணுக்களை லூயிஸ் உள்ளவரது பிளாஸ்மாவில் ஊறவைத்து, அவை அந்த லட்சணத்தை ஏற்றுக்கொள்வதைப் பிரத்தியட்சமாகக் காட்டியபோது அவருடைய கருத்து உறுதிப்பட்டது. அணுவைப் பார்க்கப் போனவர் நீரைப் பார்க்கக் கற்றுக்கொண்டார் என்று இதைச் சொல்லலாம்.

இந்த இடத்தில் நம் தேசத்தையும் ஒரு வார்த்தை நினைக்க வேண்டும். 1952இல் பம்பாயிலிருந்து பெண்டே, தேஷ்பாண்டே, பாட்டியா ஆகியோர், லண்டனில் ரேஸ், ரூத் ஸாங்கர், மார்கன், வாட்கின்ஸ் ஆகியோருடன் சேர்ந்து லான்ஸெட் பத்திரிகையில் வெளியிட்ட கட்டுரைதான், இன்று உலகமெங்கும் பம்பாய் ரத்த வகை என்று வழங்கும் அபூர்வத்தை முதன்முதல் அறிவித்தது. தகட்டில் பார்த்தால் ஓ வகையைப்போலவே தோன்றும் அந்த ரத்தத்துக்கு உரியவர்கள் ஓ வகை ரத்தத்தைக்கூட ஏற்க இயலாதவர்கள். அணுவில் ஏ இல்லை, பி இல்லை, அவற்றுக்கு அடித்தளமான எச் வஸ்துவும் இல்லை. ஆனால் லூயிஸ் ‘ஏ’ இருந்தது, உமிழ்நீரிலோ ஏ, பி, எச் எதுவும் சுரக்கவில்லை. நாலாண்டுக்கு முன் கிரப் வகுத்த விதி பம்பாயின் இந்த விசித்திரத்திலும் பிசகாமல் நின்றது.

லுண்ட், ஸ்வீடனின் தென்கோடியிலே பழம்பெரும் கதீட்ரலைச் சுற்றி வளர்ந்த ஊர். அதன் சர்வகலாசாலை 1666இல் நிறுவப்பட்டது. லண்டனுக்குப் பின் அங்கே பாக்டீரியாவியல் துறையில் கிரப் பணிபுரிந்தார். அந்தக் காலத்தில் நோய்க்கிருமிகளைப் பற்றிய சீரப் பரிசோதனைகளெல்லாம் அத்தகைய துறைகளுக்கே வந்து சேரும். அவற்றுள் ஒன்று முடக்குவாதப் பரிசோதனை. கைவிரல் கணுக்கள் வீங்கிக் கோணி, காலையில் எழுந்ததும் ஒரு டம்ளரைப் பிடித்துத் தூக்கக்கூட முடியாமல் வருஷக்கணக்கில் வருந்துகிறவர்களின் சீரத்தில் ஏதோ ஒன்று மிகுந்திருப்பதை ஆஸ்லோவில் வாலர் என்பவர் 1940இல் கண்டிருந்தார். அமெரிக்காவில் ரோஸ் 1948இல் அதையே தனித்துக் கண்டார். ஆட்டின் சிவப்பணுக்களுக்கு முயலின் எதிர்ப்பொருளைப் பூசி, நோயாளியின் சீரத்தை விட்டால் அவை திரளும்.

கிரப் ஆட்டு அணுவுக்குப் பதிலாக மனித அணுவையும், முயலின் எதிர்ப்பொருளுக்குப் பதிலாக மனித எதிர்ப்பொருளையும் எடுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் கூம்ஸ், மௌரன்ட், ரேஸ் ஆகியோர் 1945இல் காட்டியபடி, ரீசஸ் லட்சணத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்களில் ஒரு சாதி உண்டு. அது அணுவின்மேல் போய் ஒட்டிக்கொள்ளுமே ஒழியத் திரட்டாது. முழுமையற்ற எதிர்ப்பொருள் என்று அதற்குப் பெயர். ஓ வகை, ரீசஸ் உடைய அணுக்களை உப்புநீரில் பலமுறை கழுவி, இந்த எதிர்ப்பொருளோடு உடற்சூட்டில் ஊறவைத்து, மறுபடி கழுவியெடுத்தால், ஒவ்வோர் அணுவும் மெல்லிய புரதப் போர்வை போர்த்து நிற்கும். பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாது. அதன்மேல் குறிப்பிட்ட சில முடக்குவாத நோயாளிகளின் சீரத்தை விட்டதும் அவை திரண்டன.

இதுவரை வியப்பில்லை. வியப்பு அடுத்த படியில் வந்தது. நல்ல சுகத்தோடு இருக்கும் ஒருவரது சீரத்தையும் அதே குழாயில் சேர்த்துப் பார்த்தபோது திரளுதல் நின்றுவிட்டது. இன்னொருவரது சீரத்தைச் சேர்த்தபோது அது நிற்கவில்லை. நோயாளியின் சீரம், எதிர்ப்பொருள்கள் அடங்கிய மனிதக் காமா குளோபுலின் என்னும் புரதத்தைப் பொதுவாக அறிந்து பற்றுவதாக இருந்தால், எல்லா மனிதரின் சீரமும் ஒன்றேபோல் தடுத்திருக்க வேண்டும். காமா குளோபுலின் இல்லாத ஆரோக்கியவான் யார்? சிலரது தடுத்தது, சிலரது தடுக்கவில்லை. பரிசோதனைச்சாலையில் இப்படி நேர்ந்தால் பெரும்பாலோர் குழாய் சரியாகக் கழுவப்படவில்லை, சீரம் கெட்டுவிட்டது என்று சொல்லி மறுநாள் திரும்பச் செய்வார்கள். லண்டனில் உமிழ்நீர்க் குழாய்களுக்கு எதிரே உட்கார்ந்து ‘சிலர் சுரப்பர், சிலர் சுரக்கார்’ என்ற பேதத்தைக் கணக்கெடுத்த மனிதருக்கோ இந்த ஒழுங்கின்மையில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. வாசலில் ஆள் இருக்கிற வீடும் இல்லாத வீடும் இங்கேயும் உண்டு என்று அவர் கண்டுகொண்டார். ஸ்வீடன் மக்களில் ஏறக்குறைய பத்தில் அறுவர் தடுக்கும் சீரம் உடையவர்கள், மற்றவர்கள் இல்லாதவர்கள். ஒருவரை இன்று சோதித்தாலும் நாளை சோதித்தாலும் விடை மாறவில்லை.

இது குலவழி வருவதா என்பதை உறுதிசெய்ய அன்னா பிரிட்டா லாரல் அம்மையாரோடு சேர்ந்து குடும்பம் குடும்பமாகச் சீரம் சேகரித்து ஆராய்ந்தார். தாய் தந்தை இருவரிடமும் இல்லாத லட்சணம் பிள்ளையிடம் தோன்றவில்லை. மெண்டலின் விதிப்படியே அது இறங்கிவந்தது. காமா குளோபுலினைக் குறித்து ஜி.எம். என்று அந்த வகைக்குப் பெயரிட்டார்கள். 1956ஆம் ஆண்டின் இரு கட்டுரைகளில் இது வெளிவந்தது. அதே 1956இல் பாரிஸில் பாஸ்டர் நிலையத்து ஜாக் ஊடேன், முயல்களுக்குள்ளேயே ஒரு முயலின் குளோபுலின் மற்றொரு முயலினதிலிருந்து வேறுபடுவதைக் கண்டு, அதற்கு அல்லோடைப் என்று நாமகரணம் செய்தார். ஒருவர் பாக்டீரியாவியல் துறையில் மனிதச் சீரத்தைக் கொண்டும், மற்றவர் முயல் சீரத்தைக் கொண்டும், முற்றிலும் வேறான வழிகளில் ஒரே ஆண்டில் ஒரே உண்மையின் வாயிலை வந்து தட்டியிருக்கிறார்கள்.

அதன் மகிமையை இன்று எண்ணிப் பார்க்கையில் எனக்கு உள்ளம் சிலிர்க்கிறது. அதுவரை எதிர்ப்பொருள் என்றால், உடலுக்குள் எந்த நோய்க்கிருமி புகுகிறதோ அதற்கேற்ப உருக்கொள்ளும் மெழுகு என்பதுபோல் பலர் எண்ணியிருந்தனர். அந்த மெழுகின்மேல் பெற்றோரின் முத்திரை ஒன்று அழியாமல் பதிந்திருக்கிறது என்று கிரப்பின் குழாய்கள் கூறின. இங்கிலாந்தில் போர்ட்டரும் அமெரிக்காவில் எடல்மனும் அந்தப் புரதத்தைத் துண்டாக்கி, கனச் சங்கிலி, லேசான சங்கிலி என்று அதன் அமைப்பை வெளிப்படுத்தியபோது, ஜி.எம். முத்திரைகள் கனச் சங்கிலியில் உள்ளவை என்பது புலனாயிற்று. போர்ட்டருக்கும் எடல்மனுக்கும் 1972இல் நோபெல் பரிசு வந்தது, கிரப்புக்கு வரவில்லை. பிரான்ஸில் ரூவான் நகரத்து ரோபார்ட்ஸும் அவரது சகாக்களும் 1961இல் லேசான சங்கிலிக்குரிய வேறொரு முத்திரையைக் கண்டு ‘இன்வி’ என்றனர். இன்று அதன் பெயர் கே.எம். ஜி.எம். முத்திரைகளும் இதுவும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே பிள்ளைகளுக்கு இறங்கின. அவற்றின் மரபணுக்கள் 14ஆம், 2ஆம் குரோமோசோம்களில் இருப்பது பின்னாளில் வெளிப்பட்டது. ஆனால் இரண்டும் வேறு வேறு இடங்களில் இருக்கின்றன என்பதைக் குரோமோசோமைத் தொடாமலே குடும்ப ஆராய்ச்சி சொல்லிவிட்டது.

எலும்பு மஜ்ஜையில் ஒரே செல் கட்டுக்கடங்காமல் பெருகும் மைலோமா என்ற கொடிய நோயும் இங்கே சாட்சி சொல்ல வந்தது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு ஜி.எம். முத்திரைகள் ஒருவர் சீரத்தில் கலந்திருந்தாலும், அவரது மைலோமாப் புரதத்தில் ஒன்றே காணப்பட்டது என்று ஹார்போ, குங்கல் முதலியோர் 1962இல் காட்டினர். ஒரு செல் தாய் வழியையும் தந்தை வழியையும் ஒருசேரப் பேசுவதில்லை; ஒன்றைத் தேர்ந்து மற்றதை மூடிவிடுகிறது. எதிர்ப்பொருள் ஆராய்ச்சியில் ஆழ்ந்த சிந்தனைக்கு இடம் தந்த செய்திகளுள் இது தலையாயது.

பம்பாய்க்கும் இந்த வரலாற்றுக்கும் இன்னொரு பிணைப்பும் நேர்ந்தது. 1950களில் குஜராத்திய சமூகங்கள் ஆறில் ரத்த வகைகளை ஆராய்ந்து 1958இல் பாட்டியா முதலியவர்களோடு கட்டுரை வெளியிட்ட கிரீஷ் வியாஸ், பிற்பாடு ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குச் சென்று, ரத்தம் ஏற்றும்போது சிலருக்குத் திடீரென உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை ஏன் உண்டாகிறது என்று ஆராய்ந்தார். எதிர்ப்பொருள்களிலேயே ஒரு வகையான இம்யூனோகுளோபுலின் ஏ என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளே அதற்குக் காரணமாகக்கூடும் என்று 1968இல் அவரும் சகாக்களும் வெளியிட்டார்கள். மறு ஆண்டு, ஹியூ ஃபூடன்பர்க்கோடு சேர்ந்து, அந்தப் புரதத்துக்கும் ஜி.எம்.மைப்போலவே குலமுத்திரை உண்டு என்று காட்டினார். சிவப்பணுவில் தொடங்கிச் சீரத்தில் முடிந்த கிரப்பின் பாதையிலேயே நம் நாட்டவர் ஒருவரும் நடந்திருக்கிறார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பிறகு உலகமெங்கும் சீரம் சேகரிக்கப்பட்டது. ஸ்வீடனில் பத்தில் அறுவரிடம் இருந்த லட்சணம் ஆப்பிரிக்கரிடமும் ஜப்பானியரிடமும் ஏறக்குறைய எல்லோரிடமும் காணப்பட்டது. புதிய முத்திரைகள் பெருகப் பெருக, அவை கொத்துக் கொத்தாகச் சேர்ந்தே குலவழி இறங்குவதும், ஒவ்வொரு நிலப்பரப்பு மக்களிடமும் கொத்துகளின் சேர்க்கை மாறுபடுவதும் தெரிந்தன. ஜனங்களின் இடப்பெயர்ச்சியை ஆராய்ந்தவர்கள் இதைப் பெரும் உதவியாகக் கொண்டார்கள். இன்னார் பிள்ளையா என்ற வழக்குகளில் ஐரோப்பிய நீதிமன்றங்கள் இதன் சாட்சியத்தை ஏற்றன. துணியில் காய்ந்த ரத்தக் கறையிலும் முத்திரை அழியாமல் நிற்பதால் குற்ற விசாரணைக்கும் இது பயன்பட்டது. 1980களின் பிற்பகுதியில் டி.என்.ஏ. பரிசோதனை வந்து இந்த அலுவல்களையெல்லாம் தன்வசமாக்கிக்கொண்டது. கிரப், தாம் தொடங்கிய துறையின் அதுவரையிலான அறிவையெல்லாம் திரட்டி மனித இம்யூனோகுளோபுலின்களின் மரபு முத்திரைகளைப் பற்றி 1970இல் எழுதிய நூல், அந்தத் துறையினர் நெடுநாள் கையில் வைத்துப் பயின்ற நூல்.

இத்தனை ஆராய்ச்சியிலும் என் மனத்தை விட்டு அகலாதது ஒன்று உண்டு. நச்சுக்கொடி வழியே தாயின் காமா குளோபுலின் சிசுவுக்குச் செல்கிறது. ஆகையால் பிறந்த அன்று தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தால் தெரிவது பெரும்பாலும் குழந்தையின் ஜி.எம். வகை அன்று, தாயின் வகையே. தாய் தந்தது நாளுக்கு நாள் தேய, குழந்தை தனக்குரியதைத் தானே உண்டாக்கத் தொடங்கி, ஆறு மாத அளவில் அதன் சொந்த முத்திரை தெளிகிறது. தாயிடம் உள்ள முத்திரை பிள்ளைக்கு வாய்க்கவில்லையானால், அந்தச் சிற்றுடல் தாய் தந்த புரதத்தையே அந்நியமாகக் கண்டு, அதற்கு எதிர்ப்பொருள் செய்துகொள்வதுண்டு என்று வியன்னாவில் ஷ்பைஸரும் அமெரிக்காவில் ஸ்டைன்பர்க்கும் 1960களின் முற்பகுதியில் எடுத்துக்காட்டினார்கள். முடக்குவாதம் எதுவும் இல்லாத ஆரோக்கியவான்கள் சிலரது சீரமும் கிரப்பின் அணுக்களைத் திரட்டுவது இதற்கிடையே தெரியவந்திருந்தது; அது ஏன் என்ற புதிருக்கு இவ்விதம் ஒரு விடை கிடைத்தது. நோயாளிகளின் சீரம் பல முத்திரைகளைக் கலந்து பற்றும். இவர்களுடையதோ ஒன்றையே குறிவைத்துத் துல்லியமாகப் பற்றும். ஆகவே பரிசோதனைச்சாலைகள் இவர்களையே தேடின. தாயின் வயிற்றில் பெற்றதை மறுத்து ஒரு குழந்தை செய்துகொண்ட எதிர்ப்பொருள், அது வளர்ந்து ரத்ததானம் செய்ய வந்த நாளில் ஒரு சிறு புட்டியில் நிரப்பப்பட்டு, முகமறியா மனிதர்களின் வம்சத்தைக் கேட்கும் துளியாகக் குழாய்களில் விழுந்தது.